பொங்கின மாவைக் குத்தலாமா?

"குத்தாதீங்க" என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள் என் வீட்டுக்காரி தெய்வானை.

என் கை முஷ்டியாக மடங்கி, பாத்திரத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றது. முந்தின நாள் சாயங்காலம் அடியில் சின்ன உருண்டையாகக் கிடந்த மைதா மாவு, காலையில் மூடியை முட்டித் தூக்கிவிட்டு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. சமையல் மேடையில் சர்க்கரை டப்பா மேல் செல்போனைச் சாய்த்து வைத்திருந்தேன். அதில் ஒரு பெண்மணி சிரித்த முகத்தோடு தன்னுடைய மாவை ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். அது புஸ்ஸென்று அடங்கியது. அந்தம்மா இன்னும் அதிகமாகச் சிரித்தார்.

"வீடியோவுல குத்தச் சொல்லுது புள்ள" என்றேன்.

"சொல்லட்டும். பொங்கின மாவை யாராச்சும் குத்துவாங்களா? அதுல இருக்கறதே அந்தக் காத்துதானுங்களே."

பொங்கின இட்லி மாவைக் கலக்கக் கூடாது, ஓரத்தில் இருந்து கரண்டியால் மெல்ல அள்ள வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அந்தச் சட்டத்தை மீறிக் கரண்டியை விட்டுச் சுழற்றியவன் பட்ட பாடு எனக்குத் தெரியும். பட்டவனே நான்தான். நஞ்சன்கூட்டுத் தொழிற்சாலையில் இருந்து ரிட்டயர் ஆன ஆள், பால் காய்ச்சுவதற்கு மேல் அடுப்படியில் ஒன்றும் கிழித்ததில்லை. அவளோ கல்யாணமான நாளில் இருந்து மாவோடு பழகுகிறவள். முஷ்டியைப் பிரித்துக்கொண்டேன்.

ரொட்டி சுடுவது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. இந்த வயதில் அந்த விபரீத ஆசை எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

ஹிட்டு ஆன்ட்டி

மைசூர் வித்யாரண்யபுரத்தில் எங்கள் தெருவில் வந்து தெய்வானை வீடு எது என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். ஹிட்டு ஆன்ட்டி வீடு என்றால் சின்னக் குழந்தை கூடக் கையைக் காட்டும். ஹிட்டு என்றால் கன்னடத்தில் மாவு. இவள் வீட்டிலேயே கிரைண்டர் வைத்து இட்லி மாவு அரைத்துக் கொடுக்கிறவள். எத்தனையோ வருஷம் ஷிஃப்ட் பார்த்து, கடைசியில் சூப்பர்வைசராக ஓய்வு பெற்ற எனக்குத் தெரு கொடுத்திருக்கும் பட்டம் ஹிட்டு அங்கிள். வருத்தம் ஒன்றுமில்லை. சூப்பர்வைசர் என்று என்னைத் தொழிற்சாலையிலேயே யாரும் கூப்பிட்டதில்லை.

அவளிடம் கடிகாரக் கணக்கெல்லாம் கிடையாது. மைசூரில் மார்கழிக் குளிருக்கு மாவு சோம்பிக் கிடக்கும், சித்திரையில் ஓட்டமாய் ஓடும். காலையில் மூடியைத் திறப்பாள், முகத்தைக் குனிவாள், ஒரே ஒரு மூச்சு. "இன்னும் ஒரு மணி நேரம் ஆகணும்" என்பாள். இல்லையென்றால் "இப்பவே உள்ள தூக்கி வைங்க" என்பாள், நான் தூக்கிக் கொண்டுபோய் ஃபிரிட்ஜில் வைப்பேன். அந்த மூக்கு தப்பாகச் சொல்லி நான் பார்த்ததில்லை.

அந்த வருஷம் மழைக்காலத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு காய்ச்சல் வந்தது. அடித்துப் போட்டது போல் படுத்தோம். நான் எழுந்துவிட்டேன், அவளும் எழுந்துவிட்டாள். மூக்கு மட்டும் எழவில்லை. அதை அவள் என்னிடம் சொல்லவும் இல்லை.

எனக்குத் தெரிந்தது பாலால். வாசலில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்தவனுக்குத் தீய்ந்த நாற்றம் குப்பென்று அடித்தது. உள்ளே ஓடினேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்து, பாத்திரம் கருகி, அடுப்புக்கு மேலே புகை கிளம்பியிருந்தது. தெய்வானை அடுப்புக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஏன் ஓடி வருகிறீர்கள் என்று என்னைக் கேட்டாள். பிறகு இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்தப் பாத்திரத்தைப் பார்த்தோம்.

அத்தனை நாளும் அவள் மூக்கு இல்லாமலே, பழக்கத்தை வைத்துக் குத்துமதிப்பாக மாவு கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். எதிர் வீட்டு ஜெயம்மா ஒரு நாள் வந்தார். ஸ்கூல் டீச்சர், ரொம்ப வருஷமாக எங்களிடம்தான் மாவு. மழையைப் பற்றிப் பேசினார், தண்ணீர் வராததைப் பற்றிப் பேசினார், கிளம்பும்போது தரையைப் பார்த்துக்கொண்டு, "ஸ்வல்ப ஹுளி ஜாஸ்தி அக்கா" என்றார். கொஞ்சம் புளிப்பு அதிகமாம். ஜெயம்மா கொஞ்சம் என்று சொன்னால், தோசை அத்தனையும் குப்பைக்குப் போயிருக்கிறது என்று அர்த்தம். அவர் மனசு அப்படி.

அன்றைக்கே தெய்வானை கிரைண்டரைக் கழுவித் துடைத்துப் பழைய பெட்ஷீட் ஒன்றைப் போட்டு மூடினாள். வந்தவர்களிடமெல்லாம் மாவு இல்லை என்று சொல்லி அனுப்பினாள்.

காது மூக்கு டாக்டர் நல்லவர். திரும்பி வரலாம், மாதக்கணக்கில் ஆகலாம், முழுசாக வராமலும் போகலாம் என்று ஒளிக்காமல் சொன்னார். காலையிலும் மாலையிலும் கிராம்பு, எலுமிச்சை என்று சிலதை முகர்ந்து பழகச் சொன்னார். சில நாள் செய்தாள். அப்புறம் கிராம்பை மோந்துகொண்டு உட்கார்ந்திருக்க நானென்ன பைத்தியமா என்று டப்பாவிலேயே போட்டுவிட்டாள்.

எனக்குப் பெரிய கவலை மூக்கு இல்லை. தெருவில் யார் குப்பை போட்டாலும் வாசலில் நின்று கன்னடத்திலும் தமிழிலும் மாற்றி மாற்றித் திட்டுகிற பெண், டிவியைச் சத்தமில்லாமல் வைத்துக்கொண்டு அதன் முன்னால் உட்கார ஆரம்பித்தாள். சாப்பாட்டை மாத்திரை விழுங்குகிற மாதிரி விழுங்கினாள். கிரைண்டர் ஓடாத வீட்டில் சாயங்காலம் ரொம்ப நீளமாக இருந்தது. அந்தப் பெட்ஷீட்டை இவள் எடுக்கவே மாட்டாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

பேக்கரி வழியாக

எங்கள் தெரு முனையில் ஒரு பேக்கரி. சாயங்காலம் ரொட்டி சுடும்போது அந்த வாசனைக்கு, பசி இல்லாதவன் கூட நின்று ஒரு பன் வாங்குவான். தெய்வானையைத் தினமும் அந்த வழியாகவே நடக்கக் கூட்டிப் போனேன். சர்க்கரைக்கு நல்லது என்று என் சர்க்கரையைக் காரணம் காட்டினேன். அவள் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே நடப்பேன். ஒன்றும் தெரியாது.

ஒரு நாள் அவளாகவே, "இப்ப பேக்கரியத் தாண்டறோம் இல்லீங்களா?" என்றாள். வாசனை வருதா புள்ள என்று அவசரமாகக் கேட்டேன்.

"இல்லீங்க. ஸ்கூட்டரு நிறைய நிக்குது" என்றாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது எனக்கு அந்த யோசனை உதித்தது. ரோட்டில் வாசனையைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடுகிறது. எங்கள் வீடோ தீப்பெட்டி சைஸ். ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு உள்ளேயே ரொட்டி சுட்டால் அந்த வாசனையில் இருந்து எந்த மூக்கும் தப்ப முடியாது. இதில் மருத்துவ சாஸ்திரம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்காதீர்கள். என் மூளைக்கு எட்டினது அவ்வளவுதான்.

பெங்களூரில் இருக்கும் எங்கள் மகள் எப்போதோ வாங்கிக் கொடுத்த ஓவன் ஒன்று வீட்டில் இருந்தது. இத்தனை வருஷமாக அதற்குள் அப்பளக் கட்டும் வடாம் டப்பாவும் குடியிருந்தன. அவற்றைக் காலி செய்யவைத்தேன். மைதாவும் ஈஸ்ட்டும் ஒரு ரொட்டி அச்சும் வாங்கி வந்தேன்.

யாருக்குக் காய்ச்சல்?

ரொட்டி செய்யப் போகிறேன் என்றதும் தெய்வானை கேட்ட முதல் கேள்வி, "யாருக்குக் காய்ச்சல்?"

எங்கள் இரண்டு பேருக்குமே ஊர் ராமாபுரம் பக்கம். அங்கே நாங்கள் வளர்ந்த காலத்தில் ரொட்டி என்பது பண்டமே இல்லை, அது ஒரு செய்தி. கொள்ளேகால் பஸ்ஸில் இருந்து இறங்குகிறவர் கையில் ரொட்டிப் பொட்டலம் இருந்தால், யார் படுத்திருக்கிறார்கள் என்று வழி நெடுகக் கேட்பார்கள். சுடுபாலில் ரொட்டியை ஊறவைத்து நோயாளிக்கு ஊட்டுவதை மற்றக் குழந்தைகள் கதவோரம் நின்று பார்க்கும். என் தம்பி ஒரு தடவை ரொட்டி ஆசையில் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டான். அப்பா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு கொள்ளேகால் பஸ் ஏறினார். ரொட்டி வந்தது. கூடவே நிலவேம்புக் கஷாயமும் ஒரு சொம்பு நிறைய வந்தது. ரொட்டியைக் கஷாயம் குடித்த பிறகு தருவதாக ஏற்பாடு. தம்பி இன்றைக்கும் ரொட்டியைத் தொடுவதில்லை.

அந்தப் பழக்கம் மைசூர் வந்தும் எங்களை விடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனால் ரொட்டி வாங்குவோம். நல்லா இருக்கிறவர்கள் இருக்கும் வீட்டுக்கு வாங்க மாட்டோம்.

அதனால் தெய்வானை கேட்டதற்கு ஒரு அர்த்தம் இருந்தது. "என்னைச் சீக்காளின்னே முடிவு பண்ணிட்டீங்களா?" என்று அடுத்த கேள்வியும் வந்தது. இல்லை, எனக்குத்தான் தின்ன ஆசை என்றேன். பிறகு பரணில் கவிழ்த்து வைத்திருந்த அவளுடைய மாவுப் பாத்திரத்தை எடுத்துக் கழுவி என் முன்னால் வைத்தாள்.

பிசைந்தேன் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். உண்மையில் மாவுதான் என்னைப் பிசைந்தது. விரலில் ஒட்டியது முழங்கைக்கு ஏறியது. மூக்கு அரித்தது, சொறிந்தேன், அங்கேயும் ஒட்டியது. அந்த நேரம் பார்த்து மகளிடம் இருந்து போன் வேறு. தெய்வானை என் கோலத்தைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். காய்ச்சலுக்குப் பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். ரொட்டி வராவிட்டாலும் பரவாயில்லை என்று அந்த நிமிஷம் தோன்றியது.

ஒரு மணி நேரம் மூடி வைத்தால் போதும் என்றது வீடியோ. மாவு என்றால் ஒரு மணி நேரத்தில் எங்கே புளிக்கும், ராத்திரி பூரா இருக்கட்டும் என்றாள் அவள். இருக்கட்டும் என்று நானும் விட்டேன்.

குழி

ஆக, ஞாயிற்றுக்கிழமை காலை. குத்த ஓங்கின கையை இறக்கிவிட்டேன். இரண்டு பேருமாகப் பாத்திரத்தைப் பிடித்து, காற்று கலையாமல், மூச்சைக் கூட அடக்கிக்கொண்டு, மாவை அச்சுக்குள் சரித்தோம். ஓவனுக்குள் போனது. கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தோம். முதலில் கும்மென்று எழும்பியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டது.

ஆனால் வாசனை வந்தது. என் வீட்டில் அப்படி ஒரு வாசனை வரும் என்று நான் நினைத்ததே இல்லை. ஜன்னல் சாத்தியிருந்தும் எதிர் வீடு வரைக்கும் போயிருக்கிறது. ஜெயம்மா கேட் பக்கம் வந்து, வீட்டிலேயே பேக்கரி போட்டுவிட்டீர்களா அண்ணா என்று கன்னடத்தில் கேட்டுச் சிரித்தார். நான் தெய்வானையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ரொட்டியில் விழுந்த குழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நான் பார்ப்பதைப் பார்த்தாள். அப்புறம் சாத்தியிருந்த ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"எனக்கு வாசம் வருதான்னு பாக்கத்தானுங்களா இத்தனையும்?"

தலையை ஆட்டினேன்.

"வரலீங்க" என்றாள். "ஒண்ணுமே வரல."

போய் ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். அவள் மத்தியானச் சோற்றுக்கு அரிசி களைந்தாள். நான் குழி விழுந்த ரொட்டியை ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டேன். பழைய கஞ்சி போலப் புளித்தது. மிச்சத்தை மூடி வைத்தேன். ஊரில் இருக்கும் புத்திசாலித்தனமெல்லாம் எனக்கு எதற்கு, சும்மா இருந்திருக்கலாமே என்று என்மேல் எனக்கே கோபமாக வந்தது.

மறுபடியும்

சாப்பிட்டுவிட்டுப் படுத்தவன் கண்ணயர்ந்துவிட்டேன். சமையலறையில் தொம் தொம்மென்று சத்தம் கேட்டு எழுந்து போனேன். மிச்சம் இருந்த மைதா முழுவதையும் கொட்டிப் பிசைந்துகொண்டிருந்தாள் தெய்வானை. வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. சிரிக்கிற அம்மாவை, பேச்சைக் குறைத்துவிட்டு வேலையைக் காட்டும்படி நடுநடுவே அதட்டிக்கொண்டிருந்தாள்.

நான் ஏதும் கேட்கும் முன்பே, "என் பாத்திரத்துல ஒரு மாவு அப்படிப் படுத்துக்கிட்டா எனக்கு மனசு ஆறுமுங்களா?" என்றாள்.

இந்த முறை வீடியோ சொன்னபடியே ஒரு மணி நேரம்தான். வெயிலுக்கு மாவு நன்றாகவே எழும்பியிருந்தது. மூடியைத் திறந்தவள் பழக்கத்தில் முகத்தைக் குனிந்தாள். பாதியில் நிறுத்திக்கொண்டு நிமிர்ந்தாள்.

"எதுக்குக் குத்தறதுன்னு அது சொல்லுச்சுங்களா?"

"பழைய காத்தை வெளிய விட்டாத்தான் மறுபடியும் ஒழுங்கா எழும்புமாம்" என்றேன்.

கையை மடக்கினாள். விட்டாள் ஒரு குத்து. ஒரு குத்துப் போதும் என்றுதான் வீடியோவில் சொன்னார்கள். அவள் நிறுத்தவில்லை. இன்னொன்று, இன்னொன்று. மேடை அதிர்ந்து சர்க்கரை டப்பா மேல் இருந்த போன் சரிந்து விழுந்தது, சிரிக்கிற அம்மா குப்புறப் படுத்துக்கொண்டார். நான் எடுக்கப் போகவில்லை. அவள் நிறுத்தியபோது மூச்சு வாங்கியது, கண் நிறைந்திருந்தது.

"போதுமுங்களா?" என்றாள்.

"போதும் புள்ள."

அச்சில் வைத்து இரண்டாம் தடவை எழும்ப விட்டோம். விரலால் அழுத்தினால் பள்ளம் மெதுவாகத் திரும்பி வர வேண்டும், அதுதான் பதம் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். தெய்வானை அழுத்திப் பார்த்தாள், இன்னும் இல்லை என்றாள். எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அழுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டாள். "இப்ப" என்றாள். அந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன். மாவுப் பாத்திரத்தில் இருந்து ஒரு மூச்சு இழுத்துவிட்டு நிமிரும்போது இருக்குமே, அதே முகம்.

வெந்ததும் கவிழ்த்து அடியில் தட்டினாள். தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குகிறவளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? வெந்துவிட்டது என்றாள். குழி இல்லை, வெடிப்பு இல்லை. துணியோடு தூக்கிவந்து என் மூக்குக்குக் கீழே நீட்டினாள்.

"சொல்லுங்க. எப்படி வாசம் வருது?"

"நல்லா வருது."

"நல்லான்னா எப்படிங்க?"

திண்டாடிப் போனேன். வாசனையை யார் வாயால் சொல்லிப் பழகியிருக்கிறார்கள்? மறுபடி இழுத்துப் பார்த்தேன். "நெல்லு அவிக்கற அண்டா பக்கத்துல நின்னா வருமே, அது கொஞ்சம். கோதுமை வறுக்கற வாசம் கொஞ்சம். மேல வெண்ணெ உருக்கற மாதிரி, கருகறதுக்கு ஒரு நிமிஷம் முன்னால."

அவள் கேட்டுக்கொண்டே தலையை ஆட்டினாள். நான் சொன்ன ஒவ்வொன்றையும் எங்கேயோ உள்ளே தேடி எடுத்துப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. ஒரு துண்டு பிட்டு மென்றாள். மேலே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு என்றாள். காய்ச்சல் இல்லாத இரண்டு பேர், பூண்டுப் பொடியில் எண்ணெய் விட்டுக் குழைத்துத் தொட்டுக்கொண்டு, பாதி ரொட்டியை நின்றபடியே தின்று தீர்த்தோம்.

அதற்குப் பிறகு ஒரு நாள் சாயங்காலம் நான் நடந்துவிட்டு வரும்போது, அந்தப் பழைய பெட்ஷீட் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. நான் எதையும் கவனிக்காதவன் மாதிரி செருப்பைக் கழற்றினேன்.

மறுநாள் காலை அவள் மூடியைத் திறந்து, மூக்குக்குப் பதிலாகக் காதைப் பாத்திரத்தின் மேல் சாய்த்தாள். என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னாள். உள்ளே சின்னச் சின்னதாக ஏதோ உடைகிற சத்தம் கேட்கிறதாம். அதன் பிறகு விரல் நுனியால் மாவைத் தொட்டு எடுத்து, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தாள். கடைசியாக என்னைக் கூப்பிட்டாள்.

"உங்க மூக்கக் கொண்டாங்க."

குனிந்தேன். அவசரப்படாமல் இழுத்தேன். "மோரு வாசம். நேத்து மோரு. வெந்தயம் தனியாத் தெரியுது" என்றேன்.

"வெந்தயம் தனியாத் தெரியுதுன்னா இன்னும் சேரல" என்று மூடியைப் போட்டாள். "ஒரு மணி நேரம் ஆகணும். நானும் அதேதான் நெனச்சேன்."

அவள் மூக்கு இன்றுவரை திரும்பவில்லை. வரும் என்று நான் நினைக்கிறேன், அவள் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

அன்றைக்கு அவள் மூடியைப் போட்ட கையோடு கேட் சத்தம் கேட்டது. ஜெயம்மா பாத்திரத்தோடு நின்றிருந்தார். முந்தின நாள் கிரைண்டர் ஓடியதைக் கேட்டிருப்பார் போல. மாவு இருக்கிறதா என்று கூட அவர் கேட்கவில்லை.

"ஒந்து கண்டே பிட்டு பன்னி, ஜெயம்மா" என்று உள்ளிருந்தே கன்னடத்தில் குரல் கொடுத்தாள் தெய்வானை. ஒரு மணி நேரம் கழித்து வாருங்கள் என்று, பழையபடி, தெருவுக்கே கேட்கிற மாதிரி.

ஜெயம்மா சரி என்றார். ஆனால் போகவில்லை. பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.